மணலி கிடங்கில் 5250 செஷன் அறுந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஏஎஸ்/400 (ஐபிஎம் சர்வர்) ராயபுரம் அலுவலகத்தில் இருக்கிறது. மணலி கிடங்கில் கேட் பாஸ் போடும் பிசிக்கள் விபிஎன் வழியாக டெல்நெட்டில், 5250 எனும் அந்த சர்வரின் டெர்மினல் திரையாக வருகின்றன. லாரி வராமல் திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், செஷன் செத்துவிடுகிறது. திரும்ப இணைத்தால் பிழை எண் 8902, டிவைஸ் கிடைக்கவில்லை என்கிறது. பழைய ஜாப் அதே டிவைஸ் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஜாப்பை முடிக்கும் என்ட்ஜாப் கட்டளை கொடுத்தால்தான் வழி விடுகிறது. அதுவரை டிரைவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ராயபுரத்துக்குள்ளேயே இருக்கும் டெர்மினல்களுக்கு இந்தத் தொல்லை துளியும் இல்லை. சும்மா கிடக்கும் ஜாப்பை வெட்டும் சிஸ்டம் வேல்யூவும் *நன்தான், அதாவது வெட்டாதே என்றுதான் இருக்கிறது. அதனால் நடுவில் உள்ள ஃபயர்வால் மேல்தான் சந்தேகம். 5 நிமிடம் அசைவில்லாத இணைப்பை அது மறந்துவிடுகிறது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டெல்நெட் சர்வர் கேட்டுப் பார்க்கும் டைம்மார்க் இடைவெளியோ 600 விநாடி. அதே வேலையை டிசிபி அளவில் செய்யும் கீப்அலைவ் இன்னும் மோசம், 120 நிமிடம். இரண்டும் இயல்பாக வந்த அளவுகள், யாரும் தொட்டதில்லை.

டைம்மார்க்கை 120 விநாடிக்கு இறக்கலாமா? மெதுவான லைனில் நல்ல செஷனையும் அது வெட்டிவிடுமா? அப்புறம், டெல்நெட் சர்வரை நிறுத்தி எழுப்பாமல் மாற்றம் பலிக்குமா? மாதக் கடைசி என்பதால் பகலில் சோதிக்க வழியில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.