லைப்ஸிக் பக்கத்தில் ஹாலே: அப்பாவோடு ஆடியோ நடை சரிவருமா?

பெரம்பூர் மல்லி

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக லைப்ஸிக் போகிறேன். அப்பாவும் கூட வருகிறார். எழுபது தாண்டியாச்சு, இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் ஹாலே என்று பழைய ஊர் இருக்கிறது, ரயிலில் அரை மணி சொச்சம்தான், போனில் ஆடியோவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே நாமே நடந்து பார்த்துவிடலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும், வேகமாகப் பேசினால் பிடிபடாது. மகாபலிபுரத்தில் ஒரு தடவை ஆடியோவைக் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ பார்த்துட்டு வா, நான் நிழல்ல உக்காந்திருக்கேன்" என்றார்.

திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கிற கம்பாசிட்டராக இருந்தவர். முட்டி வலி உண்டு, ஆனால் பிடித்த விஷயம் என்றால் வலியை மறந்துவிடுவார். ஆடியோ போதுமா, காசு போனாலும் பரவாயில்லை என்று கைடு வைக்கட்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

அண்ணாநகர் ஆறு

ஹாலேவா? ஜெர்மனி வரைக்கும் போய்விட்டு அங்கேயா போவீர்கள்! ரோதன்பர்க் போங்கள் சிஸ்டர். கோட்டை மதில் மேலேயே நடக்கலாம், ஊரே பொம்மை வீடு மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் போட்டோதான்.

வேப்பேரி வாசகன்

ஆறு தம்பி, ரோதன்பர்க் அழகுதான், யார் இல்லை என்றது? லைப்ஸிக்கிலிருந்து ரயில் மாறி மாறிப் போகணும். முட்டி வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரமா அது? தவிர, ஒரு கம்பாசிட்டரை ஹாலேக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவது!

மல்லி, நான் ரிட்டயர்டு பேங்க் ஆள். மகன் பெர்லினில் இருக்கிறான், அங்கே போகும்போதெல்லாம் ஹாலேயை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆடியோ நடை வேண்டும், ஆனால் அப்பாவின் காதில் அந்த ஊர்க் குரல் வேண்டாம். உங்கள் குரல் இருக்கட்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அந்த ஊரில் எந்த ஆடியோவைப் போட்டாலும் மார்க்கெட் சதுக்கத்தில்தான் சூடு பிடிக்கும். ஸ்டேஷனிலிருந்து கார் போகாத கடைத்தெரு வழியாக நடந்தால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். நடுவில் ஹாண்டல் சிலை, 1859-இல் வைத்தது. பெரிய இசைக்காரர், 1685-இல் அந்த ஊரில் பிறந்தவர், பிறந்த வீடு கொஞ்சம் தள்ளி மியூசியமாக இருக்கிறது. சிலைக்குப் பக்கத்தில் தனியாக நிற்பது செங்கோபுரம், 84 மீட்டர் உயரம், உள்ளே 76 மணிகள். எதிரே மார்க்கெட் சர்ச், நாலு கோபுரம். முன்னால் அங்கே இரண்டு சர்ச்சுகள் இருந்தன. 1529-இல் கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்து, இடையில் புதிதாக ஒரே சர்ச்சாகக் கட்டினார்கள். அதனால்தான் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கும். 1546-இல் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் இறந்தபோது உடலை விட்டன்பர்குக்குக் கொண்டுபோகிற வழியில் ஓர் இரவு அங்கே வைத்திருந்தார்கள். அவர் முகத்திலும் கையிலும் எடுத்த அச்சு இன்றும் உள்ளே இருக்கிறது. ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க அதற்கப்புறம்தான் விடுவார்கள்.

இதையெல்லாம் ஆடியோ நன்றாகச் சொல்லும். உப்புக் காய்ச்சிய கதையைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லும். (உப்பு அந்த ஊருக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அதற்காக இத்தனை நேரமா?) நமக்கு வேண்டிய கதை சதுக்கத்திலிருந்து தெற்கே பத்து நிமிஷ நடையில் இருக்கிறது: பழைய அநாதை இல்லமும் பள்ளியுமான ஃபிராங்கே அறக்கட்டளை வளாகம். முதலில் அங்கே போங்கள். சர்ச் திறப்பதற்குள் பார்த்துவிடலாம், அப்பாவுக்கும் காலில் தெம்பு இருக்கும்.

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தெரியும் இல்லையா? 1706 ஜூலை 9-ஆம் தேதி கரை இறங்கினார். அனுப்பியது டென்மார்க் ராஜா, ஆனால் படிப்பும் பழக்கமும் பின்பலமும் இந்த ஹாலே வளாகம். தரங்கம்பாடியில் முதலில் ஓடிய தமிழ் அச்செழுத்து இங்கே வார்த்துக் கப்பலில் போனது. தமிழ் தெரியாதவர்கள், எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்து வெட்டி வார்த்தார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த எழுத்து ரொம்பப் பெரிசு, பேப்பரைத் தின்றுவிட்டது. அப்புறம் தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கினார்கள். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1714-இல் தொடங்கி 1715-இல் அடித்து முடித்தார்கள்.

இன்னொன்று, அப்பாவுக்கென்றே இருப்பது. அதே வளாகத்தில் 1710-இல் கான்ஸ்டைன் என்ற பிரபு பைபிள் அச்சகம் ஒன்று தொடங்கினார். சாதாரணமாக ஒரு ஃபாரம், அதாவது சேர்த்துக் கட்டின பக்கங்கள், அடித்து முடித்ததும் எழுத்தைப் பிரித்துக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில் போடணும், அடுத்த பக்கத்துக்கு அதே எழுத்து வேண்டுமே. இவர்கள் முழு பைபிளையும் கோத்து, பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள். வேண்டும்போது எடுத்து அடிப்பது, மறுபடி கோக்கிற கூலி இல்லை, மறுபடி புரூஃப் இல்லை, அதனால் விலை அடிமட்டம். அத்தனை ஈயத்தையும் முடக்கிப்போட எவ்வளவு பணமும் துணிச்சலும் வேண்டும் என்பது எனக்கும் உங்களுக்கும் சொன்னால்தான் புரியும். உங்கள் அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதைச் சொல்ல அங்கே எந்தக் குரலும் தமிழில் கிடைக்காது. அதனால் நீங்களே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் மாதிரி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றாக, இங்கேயே பேசிப் பதிவு செய்து அப்பா போனில் வரிசையாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம் தாண்ட வேண்டாம். தனிக் கைடு வைத்தால் ஆங்கிலத்தில் அவர் சொல்ல, நீங்கள் தமிழில் சொல்ல, அந்த மனுஷர் காத்திருக்க, அப்பாவுக்கு ஒரே சங்கடமாகிவிடும்.

ரிச்சி தெரு ராஜா

சார் சொன்ன ஐடியா சூப்பர். டெக்னிக்கலா கொஞ்சம் சேர்த்துக்கறேன்.

ஆடியோ ஆப் எதுவா இருந்தாலும் ஓட்டல் வைஃபைலயே மேப்போட சேர்த்து முழுசா டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஜிபிஎஸ் பார்த்து தானா பேச ஆரம்பிக்கிற ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க. சந்து பொந்துல உயரமா கட்டடம் இருந்தா ஜிபிஎஸ் தடுமாறும், சர்ச் முன்னாடி நிக்கும்போது அடுத்த தெருக் கதை ஓடும். கையால தட்டி ஓடவிடறதுதான் நல்லது.

அப்பாவுக்கு ரெண்டு காதையும் அடைக்கிற ஹெட்போன் வேண்டாம். அந்த மார்க்கெட் சதுக்கத்துக்கு நடுவுலயே டிராம் போகும், சத்தமே இல்லாம பக்கத்துல வந்து நிக்கும். ஒரு காதுல மட்டும் மாட்டிவிடுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்கணும்னா ரிச்சி தெருவுல ஒயர் ஸ்பிளிட்டர் கிடைக்கும், கொஞ்சம் பேரம் பேசுங்க. உங்க போன்ல ஹெட்போன் ஓட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க. பவர் பேங்க் மறக்காதீங்க, அதை ஃபிளைட்ல கைப்பையிலதான் வைக்கணும்.

பெரம்பூர் மல்லி

ரொம்ப நன்றி சார், ராஜா அண்ணா. பைபிள் எழுத்தைப் பிரிக்காமல் வைத்த கதையை அப்பாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது. "மொத்த பைபிளுமா? எத்தனை கேஸ் எழுத்து வேணும், வைக்க இடம்?" என்று அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டார். நான் அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோதும் நிறுத்தவில்லை.

சார், அந்த வளாகத்தில் நேராக எங்கே போவது? பதிவு செய்யும்போது என்ன மாதிரி பேசுவது? மைக்கைப் பார்த்தால் எனக்கு மேடைப் பேச்சு வந்துவிடும் போலிருக்கிறது.

வேப்பேரி வாசகன்

மேடைப் பேச்சு வேண்டாம்மா, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். வாசலுக்கு நான் சொல்வதானால் இப்படி இருக்கும்:

"அப்பா, மேல பாருங்க, ரெண்டு கழுகு சூரியனைப் பாத்துப் பறக்குது. இது அநாதைப் புள்ளைங்களுக்குக் கட்டின இல்லம். 1695-ல ஃபிராங்கேன்னு ஒரு பாதிரியார், வீட்டுல வச்சிருந்த தர்ம உண்டியலைத் திறந்தாரு. அந்தக் காலத்துக் காசுல 4 தாலர், 16 குரோஷன் இருந்துச்சு. இதை வச்சு ஏழைப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறேன்னாரு. 1698-ல இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. இப்போ உள்ள போலாம், டிக்கெட் நான் எடுத்துட்டு வரேன், நீங்க இங்கயே நில்லுங்க."

கடைசி வரி முக்கியம். எங்கே நிற்கணும், எங்கே உட்காரணும் என்று உங்கள் குரலே சொல்லிவிட்டால் அவர் பாட்டுக்கு நடப்பார்.

அந்த இல்லத்தின் உச்சியில், கூரைக்கு அடியில், அதிசயப் பொருள் கூடம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டச் சேர்த்த சுமார் 3000 பொருள்கள், படம் வரைந்த பழைய மர அலமாரிகள், மேலே தொங்குகிற முதலை. நம் பக்கத்திலிருந்து பாதிரிமார்கள் அனுப்பிய சாமான்களும் உண்டு. முட்டி வலி என்பதால் லிஃப்ட் பற்றி டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ் ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அது ஆராய்ச்சிக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கிற இடம், ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்ட முடியாது. கீழே முற்றத்தில் நீளமாக மரச்சட்டக் கட்டடம் ஒன்று, பார்த்துக்கொண்டே நடக்கலாம். அங்கே உட்கார வைத்து அச்சகக் கதையை ஓடவிடுங்கள்.

இன்னும் இரண்டு துண்டு சேர்க்கலாம். ஒன்று, மலையப்பன். சீகன்பால்கு 1714-இல் ஐரோப்பா திரும்பியபோது கூடக் கப்பலேறிய தமிழ் இளைஞர். 1716-இல் ஹாலேயில் லத்தீனில் ஒரு தமிழ் இலக்கண நூல் அச்சானது. அட்டையில் பாதிரியார் பெயர் இருக்கும், ஆனால் பக்கத்தில் ஒரு தமிழர் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது என் கேள்வி. இன்னொன்று, நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் எழுதி அனுப்பிய பெரிய கையெழுத்துப் படி. ஊர் ஊராகக் கோயில், திருவிழா, ஐயனார், மாரியம்மன் வரைக்கும் எழுதியிருந்தார். ஹாலேயில் அதை அச்சிடவில்லை. சாமிகளை ஒழிக்கப் போனவர் சாமிகளைப் பற்றி எழுதி அனுப்பினால் அவர்களுக்குப் பிடிக்குமா? கடைசியில் 1867-இல் அச்சானது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம்ம மெட்ராஸில், ஜெர்மன் மொழியில்.

எங்கள் வேப்பேரியில் இருந்துகொண்டு 1779-இல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்ட ஃபப்ரீசியுஸும் ஹாலேயில் படித்தவர்தான். இதைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். வேப்பேரிக்காரன் என்பதால் சொல்கிறேன்.

சதுக்கத்துக்குத் திரும்பியபின் அந்த ஊர் ஆடியோவை நீங்கள் மட்டும் கேளுங்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து டிராமை வேடிக்கை பார்க்கட்டும். ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், தண்ணீரும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், மறந்தால் ஸ்டேஷன் கடைதான் கதி. தெருவெல்லாம் கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ. நாளை மாற்ற வேண்டி வந்தால் திங்கள் மட்டும் வேண்டாம், மியூசியத்துக்கு விடுமுறை.

போரையார் டேவிட்

தாம்பரத்தில் இருந்தாலும் சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம் என்பதால் ஒரு வார்த்தை. எழுத்து பேப்பரைத் தின்றது என்று சார் எழுதினாரே, பேப்பருக்காகப் போரையார் பக்கத்தில் ஒரு காகித ஆலையே போட்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை. 1718-இல் கட்டிய புது எருசலேம் தேவாலயமும் தரங்கம்பாடியில் அப்படியே நிற்கிறது, சீகன்பால்கு கல்லறை அதற்குள்தான். என்னைக் கேட்டால் ஜெர்மனி கிளம்புவதற்கு முன்னாலேயே ஈசிஆரில் ஒரு நடை போய் வந்துவிடுங்கள் அக்கா. இங்கே பார்த்துவிட்டுப் போனால் அங்கே பாதிக் கதை சொல்லவே வேண்டாம்.

பெரம்பூர் மல்லி

டேவிட், ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று அப்பாவே நாள் பார்த்துவிட்டார்.

வாசல் துண்டைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். "சத்தம் போதும், கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றார், காதிலிருந்து கழற்றவில்லை. சார், அப்பாவிடமிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி: ஹாலேயில் வார்த்த அந்தப் பெரிய எழுத்து எத்தனை பாயின்ட்?

வேப்பேரி வாசகன்

கம்பாசிட்டர் கேள்வி! எழுத்தின் அளவைச் சொல்கிற பாயின்ட் கணக்கே அப்போது கிடையாது என்று சொல்லுங்கள். பாரிஸில் ஃபூர்னியே என்பவர் அதைக் கொண்டுவந்தது 1737-இல், இந்த எழுத்து போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. அப்பா ஒரு ஸ்கேலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளட்டும், அந்தக் காலத்துப் பக்கம் ஏதாவது கண்ணாடிக்குள் கண்ணில் பட்டால் மேலேயே வைத்து அளந்துவிடுவார்.