ரியல் யூனியன் (இருன்): கோப்பை மூன்றா, நான்கா?

கேள்வி (அட்டவணைப்பித்தன்):
1929-இல் ஸ்பெயினின் முதல் பிரிவுக் கால்பந்து லீக்கான லா லிகாவைத் தொடங்கிய 10 கிளப்புகளுக்கும் ஓர் அட்டவணை தயாராகிறது. இருன் நகரத்து ரியல் யூனியன் வரிசை மட்டும் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. வென்ற ஸ்பெயின் கோப்பைகளின் (இன்றைய கோபா டெல் ரே) எண்ணிக்கை ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 4. 1931-32 புள்ளிப்பட்டியலில் அந்தப் பெயரே காணோம். இந்தச் சின்ன ஊர் கிளப்பை முதல் 10-இல் எப்படிச் சேர்த்தார்கள்?

பிடசோவாக்கரை:
3+1 என்று போடுங்கள், சண்டை தீரும். ரியல் யூனியன் என்ற பெயரில் வென்றவை மூன்று: 1918 (மாட்ரிட்டை 2-0), 1924 (ரியல் மாட்ரிட்டை 1-0), 1927 (அரேனாஸை 1-0, கூடுதல் நேரத்தில்). 1924-இல் பயிற்சியாளர் இங்கிலாந்தின் பழைய கோல் மன்னன் ஸ்டீவ் புளூமர். 1922 இறுதியில் பார்சிலோனாவிடம் 5-1 என்று அடிவாங்கியதும் உண்டு.

அந்த +1 என்பது 1913. வென்றது ரேசிங் டி இருன். அத்லெடிக் பில்பாவோவுடன் 2-2, மறு ஆட்டத்தில் 1-0. அந்த ரேசிங்கும் இருன் ஸ்போர்டிங்கும் 1915-இல் இணைந்து பிறந்ததுதான் ரியல் யூனியன். முன்னோர் சொத்து என்று சேர்த்தால் 4, சேர்க்காவிட்டால் 3.

ஒரு எச்சரிக்கை: 1913-இல் கூட்டமைப்பு இரண்டாக உடைந்து, இரண்டு கோப்பைப் போட்டிகள் நடந்தன. இன்னொன்றை வென்றது பார்சிலோனா. ஒரே ஆண்டு இரண்டு முறை வருகிறதே என்று ஒரு வரியை அழித்துவிடாதீர்கள்.

பழையதாள்:
1931-32 பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் அரசியல். 'ரியல்' என்றால் அரச. 1931 ஏப்ரலில் குடியரசு வந்ததும் அந்த அடைமொழி போய்விட்டது. அந்தப் பட்டியலில் 'யூனியன் கிளப்' என்று தேடுங்கள், கடைசி இடத்தில் இருக்கும். அதே பட்டியலில் ரியல் மாட்ரிட் 'மாட்ரிட் எஃப்.சி.', ரியல் சோசியதாத் 'டொனோஸ்தியா'. பெயரை வைத்துத் தானாக இணைக்கும்படி விரிதாளை அமைத்திருந்தால் மூன்று கிளப்புகள் ஆறாகிவிடும். ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் எண் கொடுத்து அதைக்கொண்டு இணையுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி 'டெர்செரா' ('மூன்றாவது') என்ற பிரிவு. 1977-க்கு முன் லீக் ஏணியில் அது மூன்றாம் படி. அந்த ஆண்டு 'செகுந்தா பி' என்ற புதுப் பிரிவு நடுவில் நுழைந்ததும் நான்காம் படி. 2021 சீரமைப்பில் மேலே இன்னொரு படி சேர்ந்து, இப்போது ஐந்தாம் படி. பிரிவின் பெயரை மட்டும் எழுதினால் வரைபடம் பொய் சொல்லும். படி எண்ணுக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

மூன்றாம்படி:
முதல் 10-இல் சேர்ந்தது சலுகையால் அல்ல. கோப்பை வென்றிருந்த 6 கிளப்புகளுக்கு நேரடி இடம்; அதில் இதுவும் ஒன்று. இறுதிவரை வந்து தோற்ற அட்லெடிகோ, எஸ்பான்யோல், யூரோப்பா மூன்றும் அடுத்து. பத்தாவது இடத்துக்குத் தனியாகத் தகுதிப் போட்டி வைத்து, ரேசிங் சாந்தாண்டர் வந்தது.

சரிவுக்கு ஒரே காரணம் சொல்வது கடினம். தொழில்முறை ஆட்டம் வந்தபின் எல்லையோரச் சிற்றூரால் ஆட்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. உள்ளூர்ப் பிள்ளை லூயிஸ் ரெகெய்ரோ 1931-இல் மாட்ரிட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டே கிளப் இறங்கியது, முதல் பிரிவுக்குத் திரும்பவே இல்லை. 1936 செப்டம்பரில் உள்நாட்டுப் போரில் ஊரே எரிந்தது. 2009-இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறி, 2010-இல் முர்சியா, காதிஸ், காஸ்தெயோனுடன் சேர்ந்து இறங்கியது.

அட்டவணைப்பித்தன்:
நன்றி, மூவர் சொன்னதையும் சேர்த்தாயிற்று. 2008 கோப்பைப் போட்டியில் ரியல் மாட்ரிட்டுடன் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து மொத்தம் 6-6 என்று இருக்கிறது. பெனால்டி விவரம் எங்கும் இல்லையே?

பிடசோவாக்கரை:
பெனால்டியே நடக்கவில்லை. இருனில் 3-2 என்று யூனியன் வெற்றி. மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவில் 4-3 என்று மாட்ரிட் வெற்றி. மொத்தம் சமம் என்பதால் வெளியூர் கோல் கணக்கு: யூனியன் மாட்ரிட்டில் அடித்தது 3, மாட்ரிட் இருனில் அடித்தது 2. ஆக, மூன்றாம் படிக் கிளப் உள்ளே, மாட்ரிட் வெளியே. குறிப்புப் பத்தியில் 'வெளியூர் கோல்' என்று எழுதாவிட்டால் தட்டச்சுப் பிழை என்று யாராவது 'திருத்திவிடுவார்கள்'. 2019-20 முதல் அரையிறுதி தவிர மற்றச் சுற்றுகள் ஒற்றை ஆட்டம்; அங்கே இந்தக் கணக்கு வராது.

பழையதாள்:
'முதல் கோல்' பத்தி இருந்தால் இரண்டைக் கலக்காதீர்கள். ஸ்பெயின் தேசிய அணியின் முதல் கோல், 1920 ஆகஸ்ட் 28, டென்மார்க்குக்கு எதிராக: அடித்தவர் ரியல் யூனியனின் பாத்ரீசியோ அரபோலாசா. லா லிகாவின் முதல் கோல், 1929 பிப்ரவரி 10: எஸ்பான்யோலின் பிதூஸ் பிராட்ஸ் அடித்தது, வாங்கியது ரியல் யூனியன். அன்று யூனியன் கோல்கீப்பர் அந்தோனியோ எமெரி. 2021-இல் கிளப்பின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய பயிற்சியாளர் உனாய் எமெரி இவருடைய பேரன்தான்.