காலேஜ் ஷார்ட்ஸ்டாப் ஒரே வருஷத்தில் மேஜர் லீக் போவது எப்படி?

அடையாறு_ஆஃப்ஸ்பின்:
நம்ம சென்னை லீக்கில் கீழ் டிவிஷன், முதல் டிவிஷன், பிறகு ரஞ்சி என்று படிகள் தெளிவாக இருக்கு. பேஸ்பாலில்தான் குழப்பம். டான்ஸ்பி ஸ்வான்சன் என்ற காலேஜ் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) 2015 ஜூன் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அரிசோனா அணி முதல் ஆளாக எடுத்தது. 2016 ஆகஸ்ட் 17-ல் அட்லாண்டா அணிக்காக மேஜர் லீக்கில், அதாவது அமெரிக்காவின் உச்ச லீக்கில், ஆடிவிட்டார். அடுத்த வருஷமே கீழே அனுப்பினார்கள். ஏன்?

கீழ்ப்பாக்கம்_கையுறை:
ஸ்வான்சன் படித்த வான்டர்பில்ட் மாதிரி காலேஜில் மூன்று வருஷம் இருந்தவருக்கு, மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கின் கீழ்ப்படிகள் சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்வான்சன் மைனர் லீக்கின் இரண்டாவது உயர்ந்த படியான டபுள் ஏ-வில் இருந்தே நேராக மேலே போனார், உச்சிப் படியான ட்ரிபிள் ஏ-வைத் தொடவில்லை. டிராஃப்ட் ஆன ஆறே மாதத்தில் அரிசோனா அவரை அட்லாண்டாவுக்கு டிரேட் செய்ததும் (வேறு வீரருக்கு மாற்றாகக் கொடுத்ததும்) சேர்த்துக்கொள்ளுங்கள். அட்லாண்டா அப்போது அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது, ஷார்ட்ஸ்டாப்பில் இடம் இருந்தது.

2016-ல் 38 ஆட்டங்களில் பேட்டிங் சராசரி .302, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 302 ஹிட் என்ற கணக்கு. அதற்குள் பவுலர்களிடம் அவருடைய வீடியோ சேர்ந்துவிட்டது. 2017 முடிவில் .232. அந்த ஜூலையில் ட்ரிபிள் ஏ க்வின்னெட்டுக்கு அனுப்பி, சுமார் இரண்டு வாரத்தில் திரும்ப அழைத்தார்கள். இதற்குப் பெயர் 'ஆப்ஷன்'. மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் இருப்பவரை மூன்று சீசன்கள் வரை இப்படி இறக்கி ஏற்றலாம். இதைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். 2022-ல் இதே ஆள் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கினார்.

மாம்பலம்_மிட்விக்கெட்:
மட்டையை விட்டுவிட்டீர்களே சார். காலேஜில் அலுமினியம், ப்ரோவில் மரம் மட்டும். உடம்பை ஒட்டி வரும் பந்து கைப்பிடிப் பக்கம் பட்டால் அலுமினியத்தில் இன்ஃபீல்டை (பேஸ்களைச் சுற்றிய உள்வட்டத்தை) தாண்டி விழும். மரத்தில் மட்டை உடையும், இல்லையென்றால் பந்து பவுலரிடமே உருளும்.

இன்னொன்று, 2014-ல் காலேஜ் உலகத் தொடரின் (அமெரிக்கக் காலேஜ் பேஸ்பாலின் இறுதிச் சுற்று) சிறந்த வீரராக வந்தபோது ஸ்வான்சன் இரண்டாம் பேஸ் அருகே நிற்கும் செகண்ட் பேஸ் ஃபீல்டர். ஷார்ட்ஸ்டாப்புக்கு மாறியது 2015-ல்தான். முதல் பேஸுக்கு எறியும் தூரமே கூடிவிடும். வலது கை பேட்டர் முதல் பேஸைத் தொட சுமார் 4.3 விநாடி. அதற்குள் பிடித்து, கையுறையில் இருந்து எடுத்து, எறிந்து முடிக்கணும்.

அடையாறு_ஆஃப்ஸ்பின்:
அப்படியானால் நல்ல கிரிக்கெட் ஃபீல்டருக்கு எது தடுமாறும்?

கீழ்ப்பாக்கம்_கையுறை:
முட்டி போட்டுத் தடுக்கும் பழக்கம்தான் முதல் எதிரி. பவுண்டரி காக்க அது சரி, இங்கே ரன்னர் போய்விடுவார். அடுத்தது, பந்துக்காகக் காத்து நிற்பது. பந்து துள்ளி ஏறும் பாதியில் மாட்டினால் மணிக்கட்டில் அடிக்கும். முன்னால் பாய்ந்து தரை தொட்டதுமே எடுக்கணும், முடியாவிட்டால் ஓரடி பின்வாங்கித் துள்ளலின் உச்சியில் எடுக்கணும். நம்ம ஊர் இறுகிய செம்மண்ணில் இதுதான் ரொம்பப் படுத்தும். 11.5 அங்குல கையுறை போதும். பெரிது வாங்கினால் பந்து உள்ளே ஆழமாகப் போய் கைக்கு வர நேரமாகும்.

பயிற்சிக்குச் சுவரும் டென்னிஸ் பந்தும் போதும். ஐந்து மீட்டரில் நின்று தாழ்வாக எறிந்து, கையுறை இல்லாமல் இரண்டு கையாலும் எடுங்கள். எடுக்கும்போது இடது கால் சற்று முன்னால் இருக்கணும். உடனே வலது கால் முன்னே வந்து ஊன்ற, இடது கால் முதல் பேஸ் பக்கம் போக, த்ரோ. வலப்பக்கம் பின்கையால் எடுக்கும் பந்துக்கு மட்டும் வலது காலை ஊன்றி நின்று எறியணும், அதைக் கடைசியில் பழகுங்கள்.