ஜானகி அம்மாள் நாடகம்: ஒரு காட்சியில் சிக்கி நிற்கிறோம்

வணக்கம். எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் 8 பேர், தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றி 20 நிமிட நாடகம் போடுகிறார்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்கு. திறந்தவெளி மேடை, பகல் நேரம், திரையும் விளக்கும் கிடையாது.

1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கும் காட்சி நன்றாக வந்துவிட்டது. கோவைக் கரும்பு ஆராய்ச்சிக் காட்சிதான் நிற்கவில்லை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்புச் செய்து பார்த்தவர், பெண் என்பதாலும் சாதியாலும் சக ஆண்களிடையே தனித்து நின்றார். நாடகத்தின் உயிரே அதுதான். கதைசொல்லி வைத்தோம், பாடம் நடத்துவதுபோல் ஆனது. சக விஞ்ஞானிகளை வில்லன்களாக்கினோம், ஒத்திகை பார்த்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் பேசாததை அவர் வாயில் வைக்க எனக்கு மனமில்லை.

அந்தத் தனிமையை வசனமே இல்லாமல், 3 நிமிடத்தில், 14 வயதுப் பிள்ளைகள் எப்படி நடித்துக் காட்டலாம்?