இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்கள்: உடன் நின்றவர்களைப் பற்றிய பகிர்வுகள்

பகிர்வு 1: தையற்கடை வைத்திருப்பவர், சங்கரன்கோவில்

எனக்கு இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பது ஆஞ்சியோ பரிசோதனையில் தெரிந்தபோது, குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை, உடம்பின் வேறு இடத்து இரத்தக் குழாயை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ்தான் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நெஞ்சைத் திறப்பார்கள் என்று கேட்டதும் வீட்டில் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் அன்று மாலையே வந்து, இந்தியாவின் முதல் பைபாஸை 1975ஆம் ஆண்டிலேயே சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்துவிட்டார் என்பதைப் பெருமையோடு சொல்லி, என் மனைவியின் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் கூறினார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்பதால், அதற்கான அட்டையும் மற்றச் சான்றுகளும் சரிபார்க்கும் அலைச்சல் முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டபோது, என் கடையில் தொழில் பழகிச் சென்ற இளைஞர்கள் நாங்கள் அழைப்பதற்கு முன்பே வந்து நின்றார்கள்.

அறுவை சிகிச்சையில் நடந்தவை எனக்குத் தெரியாது. அதற்குப் பின் வீட்டில் நடந்தவைதாம் எனக்குத் தெரியும். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் கட்டிவிடுகிறார்கள். அது நன்றாக ஒட்டிச் சேர ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கைகளை ஊன்றி எழக் கூடாது, இருசக்கர வண்டியைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு குடம் தண்ணீர், இறுகிக் கிடக்கும் தாழ்ப்பாள், ஓடி வந்து மடியில் ஏறும் பேரப்பிள்ளை என ஒவ்வொன்றும் இந்தத் தடைகளுக்குள் அடங்கும் என்று புரிந்தது. படுக்கையிலிருந்து எழுப்பும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் என் மகன் கேட்டுப் பழகிக்கொண்டான். கையைப் பிடித்து இழுக்காமல், முதலில் என்னைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முதுகுக்குப் பின்னால் தன் முன்கையைக் கொடுத்துத் தாங்கி உட்கார வைப்பான். அவசரத்தில் வேறு யாராவது என் கையைப் பற்ற வந்தால், "கையைப் பிடிக்காதீங்க, முதுகைத் தாங்குங்க" என்று அவனே தடுத்துவிடுவான்.

எங்கள் வீட்டில் இருப்பது தரையில் பதித்த கழிப்பறை. குந்தி உட்கார்ந்து எழ முடியாது என்பதை யோசித்து, நான் வீடு திரும்புவதற்கு முன்பே என் மைத்துனர் நடுவில் துளையுள்ள நாற்காலி ஒன்றை வாங்கி அதன் மேல் பொருத்தி, அது அசைகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்து, கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டி வைத்திருந்தார். இப்படி ஒரு வேலையை யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். மானத்தோடு வாழ வேண்டும் என்று நினைக்கிற ஒரு மனிதனுக்கு அந்த நாட்களில் அதைவிடப் பெரிய உதவி இல்லை என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன்.

இருமல் வரும்போதெல்லாம் சிறு தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வலி உயிரை வாங்கும். மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை மேலே எழுப்பும் கருவியை என் மனைவி மணிக்கொரு முறை கையில் கொடுப்பார். முதலில் ஒரு பந்து மட்டும் பாதி தூரம் எழுந்து விழும். மூன்றும் எழுந்த அன்று அவர் உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டே போயின. எனக்கென்று தனியாகச் சமைக்காமல் எல்லாரும் உப்புக் குறைத்த சாப்பாட்டையே சாப்பிட்டதால், பத்தியம் இருக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு அதிகம் வரவில்லை.

தீபாவளிக்குக் கொடுத்திருந்த துணிகள் கடையில் வெட்டியும் வெட்டாமலும் கிடந்தன. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தொழிலில் எனக்குப் போட்டியானவர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தவர், என் அளவு நோட்டை வாங்கிச் சென்று, தம் வேலையை முடித்த பிறகு இரவில் என் துணிகளைத் தைத்துக் கொடுத்து, கூலி முழுவதையும் என் மனைவியிடம் ஒப்படைத்தார். பைபாஸுக்காக இரத்தக் குழாய் எடுத்த இடது காலில் வீக்கம் வடியாமல் இருந்ததால் தையல் இயந்திரத்தின் மிதியை மிதிக்க எனக்கு வெகுநாள் ஆகும் என்று தெரிந்ததும், பழைய மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் மாட்டிக் கொடுத்தவரும் அவரே.

உறவினரும் ஊர்க்காரரும் அன்போடுதான் பார்க்க வருகிறார்கள். ஆனால் கூட்டமாக வருவதும், சளி இருமலோடு வருவதும், இதே சிகிச்சை செய்து இறந்துபோனவர்களின் கதையைச் சொல்வதும் நோயாளிக்குக் கெடுதலே. அந்த ரயில்வே நண்பர் மாலையில் ஒரு மணி நேரத்தை மட்டும் குறித்து, மற்ற நேரங்களில் வருபவர்களிடம் வாசலிலேயே நலம் சொல்லி அனுப்பினார். சில வாரங்கள் கழித்து, உடம்பு தேறத் தொடங்கிய பின், எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரத் தொடங்கியது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவதுதான், மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மருத்துவர் விளக்கி, அதற்கும் சிகிச்சை கொடுத்தார். இதைப் படிக்கும் குடும்பத்தார், "எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பிறகு ஏன் அழுகிறீர்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பகிர்வு 2: வால்வு மாற்றிக்கொண்டவர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா எழுதியதைப் படித்தேன். என்னுடையது பைபாஸ் அல்ல. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகளில் வீக்கத்துடன் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் உள்ளே இரத்தம் செல்லக் கதவுபோல் திறந்து மூடும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. திருமணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின் உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். மாத்திரையின் அளவு சரியா என்று அறிய ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துவர வேண்டும். எனவே எங்கள் வீட்டில் உதவி என்பது சில வாரங்களோடு முடிந்துவிடுவதில்லை.

கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாறாமல் இருந்தால் போதும் என்றார்கள். இதை என் மாமியார் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், கிழமை தவறாமல் ஒரே கிண்ணத்தால் அளந்தே கீரையைப் பரிமாறுகிறார். உறவினர் ஒருவர் இதயத்துக்கு நல்லது என்று ஏதோ சூரணம் கொண்டு வந்தபோது, "டாக்டரம்மாகிட்ட கேக்காம என் மருமவளுக்கு எதுவும் குடுக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். பரிசோதனைக்குப் போகும் நாட்களில் கல்லூரித் தோழிகள் முறை வைத்துக்கொண்டு உடன் வருகிறார்கள். கணவர் வேலைக்கு விடுப்பு எடுக்க நேர்ந்ததில்லை. பல் பிடுங்கப் போனாலும் வால்வு இருப்பதையும் இந்த மாத்திரையையும் முதலில் சொல்ல வேண்டும் என்பதைத் தோழிகளில் ஒருத்தி ஒரு சிறிய அட்டையில் எழுதி என் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

உலோக வால்வு மூடும் ஓசை இரவின் அமைதியில் வெளியே கேட்கும். முதல் நாட்களில் அது என்னைத் தூங்கவிடவில்லை. என் கணவரோ, அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் தமக்குத் தூக்கம் வருகிறது என்றார்.

பகிர்வு 3: கணவருக்குத் துணையிருந்தவர், மதுரை

பார்த்துக்கொள்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். என் கணவருக்கு பைபாஸ் முடிந்து வீடு வந்ததும், காலை எடை, காய்ச்சல், நாடித் துடிப்பு, காயத்தின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, நெஞ்செலும்பு அசைந்து சத்தம் கேட்டாலோ, ஓரிரு நாளில் எடை திடீரென ஏறி மூச்சு வாங்கினாலோ உடனே அழைக்கச் சொல்லியிருந்தார்கள். இரவும் பகலும் நானே விழித்திருந்தால் எதையும் கவனிக்கும் தெளிவு இருக்காது என்று என் அக்கா கண்டிப்பாகச் சொல்லி, இரவு முறையைத் தாமே எடுத்துக்கொண்டார். கொழுந்தனார் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துச் சிறு டப்பாக்களில் அடைத்து வைத்தார்.

ஒரு நாள் பின்னிரவில் கணவர் நெஞ்சு படபடக்கிறது என்றபோது, அக்காதான் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்துத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுவதைக் கண்டுபிடித்து, என்னை எழுப்பி 108ஐ அழைக்கச் செய்தார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் துடிப்பு இப்படித் தாறுமாறாவது பலருக்கும் நேர்வதுதான் என்றும், தாமதிக்காமல் வந்தது நல்லது என்றும் மருத்துவர் கூறி, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார். நோட்டில் அந்த இரவுக்கான வரி அக்காவின் கையெழுத்தில் இருந்தது: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்படித் துடித்தது, என்ன மாத்திரை கொடுத்திருந்தோம் என்று மூன்றும் அதில் இருந்தன. வீட்டில் இதய நோயாளி இருந்தால் நாடி பார்க்க இரண்டு பேராவது கற்று வைத்திருங்கள்.