நாளைக்கு இங்கிலாந்து ராஜா பிறந்தநாள் லீவாமே, வீட்டுச் சாவி கிடைக்குமா?

புதுவரவு: அண்ணன்மாரே, அவசரம். ஆஸ்திரேலியா வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. நாளை காலை 9 மணிக்கு ஏஜென்ட் ஆபீசில் வாடகை வீட்டுச் சாவி வாங்க வேண்டும். மோட்டலை 10 மணிக்குள் காலி செய்யணும். சிட்னியில் இருக்கும் மச்சான் இப்போதுதான் போன் போட்டு, "நாளைக்கு ராஜா பிறந்தநாள், எல்லாம் மூடிக்கிடக்கும்" என்கிறான். கைக்குழந்தை வேறு. என்ன செய்வது?

பழைய சோறு: சாவி கிடைக்காது தம்பி. நான் வந்த வாரம் ஈஸ்டர் லீவு. நாலு நாள் ரொட்டியும் ஊறுகாயும்தான். குளிரில் ஒரு போர்வை...

மெல்போர்ன்வாசி: பயமுறுத்தாதீங்க. கடையெல்லாம் திறந்திருக்கும். ஏஜென்ட்தான் இருக்க மாட்டார். அது சரி, ராஜா சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. இப்போ ஜூனில் எதற்கு லீவு?

ஏட்டுச்சுரைக்காய்: 1788 ஜூன் 4-இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் மூன்றாம் ஜார்ஜின் பிறந்தநாளைக் கொண்டாடியதுதான் இங்கே தொடக்கம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளுக்குக்கூட அன்று சாராயம் ஊற்றினார்கள். அப்புறம் ராஜா மாற மாற தேதியும் மாறியது. ஐந்தாம் ஜார்ஜ் ஜூன் 3-இல் பிறந்தவர். 1936-இல் அவர் இறந்த பிறகும் லீவை ஜூனிலேயே விட்டுவிட்டார்கள். எலிசபெத் ராணி ஏப்ரலில் பிறந்தவர், அவருக்கும் ஜூன்தான்.

பழைய சோறு: அந்த ராஜாவின் ஊரிலேயே இதற்கு லீவு கிடையாது!

டொராண்டோ மாமி: கனடாவில் எங்களுக்கு இன்னும் விக்டோரியா ராணிதான். மே 24 பிறந்தநாள், 25-க்கு முந்தின திங்கள் லீவு. அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

மெல்போர்ன்வாசி: லீவு விட்டு என்ன, வேலை செய்த மணிக்கு மட்டும் சம்பளம் வாங்கும் கேஷுவல் வேலைக்காரனுக்கு ஷிப்ட் போச்சு.

ஸ்வான் நதி: எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி, நீங்க எந்த ஊர்?

புதுவரவு: பெர்த். சொல்லவில்லையா?

ஸ்வான் நதி: அட, இந்த லீவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் நாளை வேலைநாள். ஜூன் முதல் திங்களே மேற்கு ஆஸ்திரேலியா தினத்துக்கு லீவு விட்டாச்சே, போன வாரம் கவனிக்கலையா? ராஜா பிறந்தநாள் நமக்குப் பெரும்பாலும் செப்டம்பர் கடைசித் திங்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அக்டோபர். 9 மணிக்கே பாஸ்போர்ட்டோடு போய் நில்லுங்க. பெட்டியை உள்ளே வைக்குமுன் சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுங்க. வீட்டின் நிலை அறிக்கை தருவார்கள், ஏழு நாளுக்குள் குறைகளை எழுதித் திருப்பிக் கொடுக்கணும்.

புதுவரவு: நன்றி அண்ணே. அப்போ போன திங்கள் பஸ் வராமல் முக்கால் மணி நேரம் நின்றது அதனால்தானா!