மறு: வெல்டிங் கலைச்சொல் பட்டியல்: ‘இன்ஹெரன்ட் ஸ்ட்ரெயின்’ – உள்ளார்ந்த திரிபா, தங்குதிரிபா?

> ‘உள்ளார்ந்த திரிபு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அகராதிப்படி சரிதானே?

அகராதிப்படி சரி ஐயா, பொருள்தான் இடிக்கிறது. உள்ளார்ந்த என்றால் எஃகுக்குப் பிறவியிலேயே இருப்பது என்றாகிவிடும். இது வெல்டிங் சூட்டில் வந்து சேர்வது.

தகைவு என்பது பரப்பலகுக்கான விசை, திரிபு என்பது நீளம் மாறும் விகிதம். சாதாரண எஃகின் ஈல்டு தகைவு (மீளாமல் உருமாறத் தொடங்கும் அளவு) 250 மெகாபாஸ்கல், யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்தது) 210 கிகாபாஸ்கல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஈல்டு ஆகும்போதைய திரிபு 0.0012. வெப்ப விரிவுக் கெழு பாகைக்கு 12×10⁻⁶. அசையவிடாமல் இருமுனையும் பிடித்த பட்டையில் 100 பாகை சூடு ஏறினாலே அமுக்கத்தில் ஈல்டு ஆகிவிடும். அதற்கு மேல் ஏறும் சூடு மீளாத் திரிபாக மாறுகிறது. ஆறும்போது அந்தப் பகுதி சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. கோணலும் எச்சத் தகைவும் (ஆறிய பின் உள்ளே எஞ்சும் தகைவு) அந்த இழுப்பில் பிறப்பவை.

இனி அந்தத் தகட்டைச் சிறுசிறு துண்டாக அறுத்தால் மீள்திரிபு (விசை நீங்கினால் மறையும் திரிபு) விடுபட்டுப் போகும். அறுத்த பிறகும் போகாமல் நிற்பதைத்தான் 1970-களில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் உயேதா யுகியோ குழுவினர் கணக்குக்கு அடிப்படை ஆக்கினார்கள். போகாமல் தங்குவது, ஆகவே தங்குதிரிபு.

> எச்சத் தகைவு ஏற்கெனவே இருக்கிறது. ‘எச்சத் திரிபு’ ஜோடியாக அமையுமே? இன்னொன்று: இலங்கையில் எங்களுக்குத் திரிபு அல்ல, விகாரம், தகைவு அல்ல, தகைப்பு.

ஜோடியாக அமைவதுதான் ஆபத்து. மாணவர் எச்சத் திரிபை யங் குணகத்தால் பெருக்கி, எச்சத் தகைவு கிடைத்துவிட்டது என்பார். தகைவைத் தருவது மீள்திரிபு. தங்குதிரிபு அதற்குக் காரணம் மட்டுமே. ஜப்பானிய மூலம் ‘கொயூ ஹிசுமி’, அதாவது ‘தனக்கே உரிய திரிபு’. கணிதத்தின் ஐகன் மதிப்புக்கும் அங்கே அதே ‘கொயூ’தான் என்பதால் ‘தன்திரிபு’ என்றும் யோசிக்கலாம், ஆனால் பட்டறையில் கேட்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. இலங்கைக்குத் ‘தங்குவிகாரம்’ இடறாது என்று நினைக்கிறேன்.

> வாக்கியத்தில் போட்டுக் காட்டுங்கள்.

கணினிக் கணிப்பில் 1 மீட்டர் வெல்டை 2 மி.மீ.க்கு ஒரு படியாக நகர்த்தினால் சூடேற்றவே 500 படிகள், ஆறுவதற்குத் தனி. ஒவ்வொரு படியிலும் சமன்பாடுகளைப் பலமுறை தீர்க்க வேண்டும். கப்பல் தளத்தில் இப்படி நூற்றுக்கணக்கான வெல்டுகள். தங்குதிரிபு முறையில் சிறு மாதிரித் துண்டுக்கு மட்டும் முழுக் கணிப்பு. கிடைத்த தங்குதிரிபைப் பெரிய ஷெல் (மெல்லிய தகடாகக் கொண்ட) மாதிரியில் வெல்டு நெடுகத் திணித்தால் ஒரே மீள் (எலாஸ்டிக்) கணிப்பில் கோணல் வந்துவிடும். மென்பொருளில் நேர்வழி இல்லையென்றால், வெல்டை ஒட்டிய உறுப்புகளுக்கு (மாதிரியைப் பிரித்த சிறு கட்டங்களுக்கு) மட்டும் திசைக்கொரு விரிவுக் கெழுவாகத் தங்குதிரிபின் அளவையே, சுருக்கம் என்பதால் கழித்தல் குறியுடன் கொடுத்து, வெப்பநிலையை 1 பாகை உயர்த்துங்கள். (கழித்தல் குறியை மறந்தால் தகடு மறுபக்கம் வளையும். பலர் வழுக்கும் இடம்.)

சரிபார்க்க ஒரு கைக்கணக்கு: 25 வோல்ட், 200 ஆம்பியர், நொடிக்கு 5 மி.மீ. என்றால் மி.மீ.க்கு 1000 ஜூல். பயன்திறன் 0.8 என்றால் 800. எஃகுக்கான கெழு 0.2 ஆல் பெருக்க, வெல்டின் நெடுக்கு இழுவிசை ஏறத்தாழ 160 கிலோநியூட்டன். மாதிரியில் நெடுக்குத் தங்குதிரிபைக் குறுக்குவெட்டில் தொகுத்து யங் குணகத்தால் பெருக்கினால் இதன் அருகே வர வேண்டும். இங்கே பெருக்கலாம், கிடைப்பது விசை, எச்சத் தகைவு அல்ல.

> 6 மி.மீ. தகட்டில் கணிப்பு லேசான வளைவுதான் காட்டுகிறது. நிஜத்தில் தகரம்போல் உப்பி நிற்கிறது.

சிறு உருமாற்றக் கணிப்பில் உப்பல் தெரியாது. மென்பொருளில் பெரும் உருமாற்றக் கணிப்பை இயக்கி, தகட்டின் தொடக்க நெளிவையும் கொடுங்கள். கிளாம்பை எப்போது கழற்றுகிறோம், எந்த வெல்டு முதலில் என்பதையும் படிப்படியாகப் போட வேண்டும். வெல்டு ஓரத்தின் தகைவு உச்சம் வேண்டுமென்றால் இந்த முறை உதவாது, அங்கே முழுக் கணிப்புதான்.

பட்டியலில் ‘தங்குதிரிபு’ சேர்த்திருக்கிறேன். மேலே சொன்ன நெடுக்கு இழுவிசைக்கு ‘நாண்விசை’ என்று போட்டேன்: வெல்டு நாணாக இழுக்க, தகடு வில்லாக வளைகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.